வீட்டுச் சபை: யாருடைய வீட்டில்?

வீட்டுச் சபைகளைப் பற்றி நம் குருவானவர்கள் கூடும் இடங்களில் பெரும்பாலும் இருவகைப் பேச்சே கேட்கப்படுகிறது. ஒரு சாரார், நம்முடைய மந்தையின் ஆடுகளைத் திருடிச் செல்கிறார்கள் என்று மனங்கசந்து கூறுகின்றனர். மற்றொரு சாரார், குறிப்பாக இறையியல் மாணவர், அப்போஸ்தலர் காலத்துத் திருச்சபை மீண்டும் தோன்றிவிட்டது என்றும், கட்டடங்களும் கமிட்டிகளும் தேர்தல்களும் நிறைந்த நம் சபைகளுக்கு இனி என்ன வேலை என்றும் வினவுகின்றனர். முதற்சாரார் ஆடுகளைத் தம் உடைமையாக எண்ணுகின்றனர். ஆடுகளோ நம்முடையவை அல்ல. இரண்டாம் சாரார் அப்போஸ்தலர் காலத்துச் சபையை நேரிற் கண்டவர்போற் பேசுகின்றனர்; அச்சபையின் குறைகளைப் பவுலடியார் எத்துணைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். இரண்டும் விசாரணைக்கு முன்னரே எழுதப்பட்ட தீர்ப்புகள்.

வீட்டில் கூடும் சபை எவ்வாறு கூடுகிறது, எவ்வாறு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்பதைத் திருமறையின் ஒளியிலும் நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றின் ஒளியிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய பொருளைப் பொதுப்படப் பேசினால் உண்மை நழுவிவிடும். ஆகவே ஓர் ஊரை மனத்திற் கொண்டு பேசுவோம். அவ்வூர் கிள்ளை.

1. ஊரும் மக்களும்

சிதம்பரத்திற்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே, பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளை அடுத்து அமைந்துள்ளது கிள்ளை. கடற்கரைக் குப்பங்களில் வலைத்தொழில் செய்யும் மீனவரும், உள்நிலத்தில் வயற்கூலிகளும், கழிமுகக் கால்வாய்களில் நீருக்குள் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களும், இசுலாமியரும் வாழும் பகுதி இது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இக்கடற்கரைக்கு வருவதும், அப்பவனியை இசுலாமியர் மரியாதையுடன் வரவேற்பதும் இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, முகத்துவாரத்து மணல்திட்டுகளில் குடியிருந்தோர் பேரிழப்புக்கு ஆளாயினர். அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் தணிந்தது.

இத்தகைய ஊரில் மக்கள் கோயிற்கட்டடத்தில் அன்றி ஒரு வீட்டில் கூடி ஆண்டவரைத் தொழுவார்களானால், அதற்குக் காரணம் கள்ளப் போதனையே என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. கழிமுகத்தில் தொழில் செய்வோர் ஏற்றவற்றத்தைப் பார்த்துப் புறப்படுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்பது மணியடிக்கும் கோயிலுக்குரிய நேரம். கடலுக்குரிய நேரம் அன்று. பல சிற்றூர்களை ஒரே குருவானவரின் பொறுப்பில் வைத்திருக்கும் நம் சேகர அமைப்பில், கடைக்கோடி ஊருக்குத் திருவிருந்து மாதம் ஒருமுறை கிடைத்தாலே பெரிது. இடைப்பட்ட வாரங்களில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக இரவில் வந்து மண்டியிட்டு வேண்டுகிறவர் யார்? அவர் யாரோ, அவரே அவ்வீட்டாருக்குப் போதகர். இதை நாம் ஒப்புக்கொள்ள மறுப்பதனால் அது பொய்யாகிவிடாது.

2. கூடும் முறை

தமிழகத்துச் சிற்றூர்களில் இத்தகைய கூடுகைகள் நடைபெறும் முறை நமக்குப் புதிதன்று. வேலை முடிந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்கு உணவளித்த பின்னரே கூட்டம் தொடங்கும். பாய் விரிக்கப்படும். பெண்களே மிகுதி. பாட்டுகள் நெடுநேரம் நீடிக்கும். படிக்கத் தெரியாத பெரியோர் நடுவில் பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளையொருத்தி வேதபாகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒவ்வொருவரும் தத்தம் துன்பத்தையும் அதனின்று பெற்ற விடுதலையையும் சாட்சியாகக் கூறுவர். நோயாளிமீது கை வைத்து வேண்டுவர். முடிவில் தேநீரோ, சுண்டலோ, சில நாட்களில் சோறோ பரிமாறப்படும்.

இதிலுள்ள நன்மையை முதலில் சொல்வது கடமை. கூடிவரும்போது ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது (1 கொரி. 14:26) நம் ஆலயங்களில் பெரும்பாலும் வாசிக்கப்படும் வசனமே அன்றி நடைபெறும் காரியம் அன்று. இங்கே அது நடைபெறுகிறது. நம் ஆராதனையில் ஆண்டு முழுவதும் ஆமென் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வாய்ப்பில்லாத ஒரு விதவை, இங்கே எழுந்து நின்று சபையைத் தேற்றுகிறாள்.

ஆனால் ஒழுங்கமைப்பு என்று வரும்போது நாம் வேறு வினாக்களை எழுப்பவேண்டியுள்ளது. கூட்டத்தை அழைப்பவர் யார்? வீட்டுக்காரர். எவர் பேசலாம், எவர் பேசலாகாது என்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் அவரே, அல்லது வெளியூரிலிருந்து வரும் ஊழியர். காணிக்கை எங்கே போகிறது? அவ்வூழியரின் கைக்கு. கணக்கை யார் பார்க்கிறார்கள்? இவ்வினாவுக்குப் பல இடங்களில் விடையில்லை. வீட்டுச் சபைக்கு அமைப்பே இல்லை என்பது அதன் ஆதரவாளர் கூறும் பெருமை. நம் கருத்தில் அது சரியன்று. அமைப்பு இருக்கிறது, எழுதப்படவில்லை, அவ்வளவே. எழுதப்படாத அமைப்பில் ஏற்கெனவே வலியவராக இருப்பவரின் விருப்பமே சட்டமாகிறது.

3. திருமறை காட்டும் வீடுகள்

புதிய ஏற்பாட்டுச் சபைகள் வீடுகளில் கூடின என்பதில் ஐயமில்லை. எருசலேமில் மாற்கு எனும் யோவானின் தாய் மரியாளின் வீடு (அப். 12:12), பிலிப்பியில் லீதியாளின் வீடு (அப். 16:40), பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா ஆகியோரின் வீடு (ரோமர் 16:3-5), கொலோசெயில் பிலேமோனின் வீடு (பிலே. 2) ஆகியன நாம் அறிந்தவை. கொலோசெயர் 4:15-இல் வரும் நிம்பா என்பவர் ஆணா பெண்ணா என்பதில் கையெழுத்துப் படிகள் வேறுபடினும், பெண்ணே என்பது இன்றைய மூலபாட அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. சிரியாவிலுள்ள தூரா எயுரோப்போஸில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடு, கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரு அறைகளை ஒன்றாக்கிக் கூடும் இடமாகவும் மற்றோர் அறையைத் திருமுழுக்குக்குரிய இடமாகவும் மாற்றியமைக்கப்பட்டது. சபைக்காகச் சுவர் இடிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனினும் அக்காலத்து வீடு என்பது தாய், தந்தை, பிள்ளைகள் மட்டும் வாழும் இன்றைய வீடு அன்று. தலைவன், அவன் உறவினர், அவனைச் சார்ந்து பிழைப்போர், அடிமைகள் அனைவரும் அடங்கிய ஏற்றத்தாழ்வுள்ள சமுதாயம் அது. அவ்வேற்றத்தாழ்வு சபைக்குள்ளும் நுழைந்தது. கொரிந்துவில் சிலர் முந்தியே உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர் பசியோடு வெட்கப்பட்டனர் (1 கொரி. 11:21-22). அக்காலத்து வசதியான வீடுகளின் அமைப்பை ஆராய்ந்த அறிஞர், விருந்தறையில் ஏறத்தாழ ஒன்பது பேரே சாய்ந்து உண்ண இயலும் என்றும், ஏனையோர் வெளிமுற்றத்தில் இருந்திருக்க வேண்டும் என்றும் கூறுகின்றனர். உள்ளே யார், முற்றத்தில் யார் என்பதே கொரிந்து சபையின் சிக்கல். பவுல் இதனை உபசரிப்புக் குறை என்று கருதவில்லை. ஆண்டவரின் சரீரத்தை நிதானித்து அறியாமை என்றே கருதினார்.

இன்னுமொரு பகுதியை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. கொர்நேலியுவின் நிகழ்ச்சிக்குப் பின் எருசலேமில் பேதுருவின்மேல் சாட்டப்பட்ட குற்றம், புறவினத்தாருக்குப் பிரசங்கித்தார் என்பது அன்று, அவர்களிடத்தில் போய் அவர்களோடு உண்டார் என்பதே (அப். 11:3). நற்செய்தியை வாசலில் நின்று அறிவிப்பதை எவரும் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டியதே குற்றமாயிற்று. வீட்டுச் சபை என்னும் சொல்லின் முழுச் சுமையும் இங்கேதான் இருக்கிறது.

4. நம் வரலாறு காட்டுவது

இவ்வினா நமக்குப் புதிதன்று. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன், உரோமன் கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பகுதிகளை வாசித்ததால் உள்ளம் திரும்பி, 1728-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரங்கம்பாடிச் சபையோடு இணைந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். எந்த மிஷனெரியும் செல்லுமுன் புத்தகம் சென்றது. புத்தகத்தைச் சுற்றி மக்கள் கூடினர். வீட்டுச் சபைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

ஆனால் 1733-இல் முதல் தமிழ்க் குருவானவரைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது, ராஜநாயக்கனின் தகுதி அறியப்பட்டிருந்தும், அவர் பறையர் குலத்தில் பிறந்தவர் என்பது தடையாயிற்று. பிற சாதியார் அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவர் என்று எண்ணப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று அருட்பொழிவு பெற்றவர் கடலூரிற் பிறந்த வேளாளராகிய ஆரோன். ஆரோன் உண்மையுள்ள ஊழியர். 1745-இல் மரிக்கும்வரை தளராது உழைத்தவர். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அத்தெரிவில் கேட்கப்பட்ட வினா, யார் மந்தையை மேய்க்கத் தக்கவர் என்பது மட்டுமன்று. யார் கை நீட்டினால் எல்லாரும் ஏற்றுக்கொள்வர் என்பதுமாம். அதற்கு முன்னரே 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலும் மக்கள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். ஆக, கட்டடம் இருந்தமையால் சாதி ஒழியவில்லை. கட்டடம் இல்லாமையாலும் அது தானே ஒழிந்துவிடாது.

இதற்கு மாறான சான்றுகளும் உள. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் விதவைப் பெண்மணியைச் சுற்றி எழுந்த சிறு கூட்டமே, 1780-இல் எழுதப்பட்ட பட்டியலில் 40 பேர் கொண்ட சபையாகக் காணப்படுகிறது. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் ஒரு பெண்ணின் வீட்டாரோடு பிணைந்தது. கடலூர்ப் பகுதியிலேயே, சாதி வழக்கத்திற்கு இடங்கொடுத்தது குறித்து லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணியிலிருந்தே பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. நம் காலத்திற்கு அண்மையில், 1941-இல் சென்னையில் பக்த்சிங் தொடங்கிய ஐக்கியம், சம்பளம் பெறாத மூப்பர்களையும், எல்லாரும் பங்குபெறும் ஆராதனையையும், தரையில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தையும் தன் ஒழுங்காகக் கொண்டது. அவருடைய போதனையின் எல்லாக் கூறுகளையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் ஆராதனைக்குப் பின் ஒரே பந்தியில் அமரச் செய்தது, நம் மாமன்றத் தீர்மானங்கள் பலவற்றைக் காட்டிலும் ஆழமாகச் சென்றது என்பதை மறுப்பதற்கில்லை.

5. நமது திறனாய்வு

இப்பொழுது கிள்ளைக்குத் திரும்புவோம். வீட்டுச் சபையிடம் நாம் கேட்கவேண்டிய முதல் வினா, அதன் உபதேசம் எத்தகையது என்பதன்று. யாருடைய வீட்டில் கூடுகிறீர்கள் என்பதே.

தமிழ்நாட்டில் வீடு பொது இடம் அன்று. அது ஒரு தெருவில் இருக்கிறது. தெருவுக்குச் சாதி இருக்கிறது. யார் திண்ணைவரை வரலாம், யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் குவளையில் தேநீர் என்பதெல்லாம் கிறிஸ்து அவ்வீட்டுக்குள் வருமுன்னரே முடிவாகியிருக்கின்றன. மீனவர் வீட்டில் கூடும் சபைக்கு இருளர் வருவாரா? வந்தால் எங்கே அமர்வார்? அதைவிடக் கூர்மையான வினா ஒன்றுண்டு: இருளர் குடிசையில் சபை கூடினால் மற்றவர் அங்கே சென்று உண்பார்களா? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி, அங்கே இடமில்லை என்பது. கூரை தாழ்ந்தது, பத்துப் பேருக்குமேல் அமர முடியாது, மழை வந்தால் ஒழுகும். எல்லாம் உண்மையே. ஆனால் இடமில்லை என்ற சொல் திருமறையில் எங்கே வருகிறது, யாரைக் குறித்து வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அச்சொல்லை நாம் இத்துணை எளிதாகச் சொல்லமாட்டோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மெல்லிய தளிர் போன்ற கூட்டத்தின்மேல் இத்தகைய சுமையை ஏற்றினால் அது முறிந்துவிடாதா? முதலில் விசுவாசத்தில் வளரட்டும். ஒன்றாய் உண்பது பிறகு வரட்டும். பரிவோடு சொல்லப்படும் கூற்றே இது. ஆனால் 300 ஆண்டுகளாக நாம் இதையே சொல்லிவந்தோம். அந்தப் பிறகு இன்றும் பல சபைகளுக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் வரவில்லை. சபை தோன்றும்போதே பழக்கமாகாதது, சபை பெருகிய பின்னர்ப் பழக்கமாவது அரிது.

இரண்டாவது, அதிகாரம். முதன்மையை விரும்பிய தியோத்திரேப்பு, சகோதரரை ஏற்றுக்கொள்ளாமலும், ஏற்க மனதாயிருந்தவரைத் தடுத்துச் சபைக்குப் புறம்பே தள்ளியும் வந்தான் (3 யோவான் 9-10). வீட்டில் கூடிய சபையில் இத்தகையோன் கைக்கு வாசற்கதவே ஆயுதமாகிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரரோடு பிணக்கு வந்தால் எளியவர் சபையையே இழக்கிறார். கோயிற்கட்டடத்தின் குறைகள் பலவாயினும், அதன் கதவு ஒரு குடும்பத்தின் கதவு அன்று. இந்த ஒரு நன்மையை, கட்டடங்களைப் பழிக்கும் நம் மாணவர் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, திருமுழுக்கு. ஹெர்பர்ட் ஹோஃபர் 1991-இல் சென்னைக் குருகுலத்தின் வழியாக வெளியிட்ட ஆய்வு, கிறிஸ்துவை மெய்யாக விசுவாசித்தும் திருமுழுக்குப் பெறாமல் வாழும் பலரைத் தமிழகத்தில் கண்டு எடுத்துக்காட்டியது. அவர்களை ஏளனம் செய்யாமல் அவர்கள் குரலைக் கேட்டது அந்நூலின் சிறப்பு. ஆனால் தனித்தனியே விசுவாசிப்போரைக் கண்ட அந்நூல், அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு பொறுப்பாளிகளாவர் என்னும் வினாவை நமக்கே விட்டுவைக்கிறது. இங்கே சட்டத்தின் நிலையையும் குருவானவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டபோதிலும், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆனால் பட்டியல் பழங்குடியினர் ஆணையில் சமய நிபந்தனை இல்லை. ஆகவே கிள்ளையில் ஒரே பாயில் அமரும் இருவரில், தலித் சகோதரர் திருமுழுக்குப் பெற்றால் சட்டப்படியான உரிமையை இழப்பார்; இருளர் சகோதரர் இழக்கமாட்டார். இதை அறியாமல் இருவரிடமும் ஒரே சொல்லில், உனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்பது மேய்ப்பனுக்கு அழகன்று. இழப்பவரின் சுமையில் சபை எவ்வளவு பங்கெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பேசும்போதே திருமுழுக்கைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டாகும்.

நான்காவது, பொதுமை. ஒரு வீட்டுச் சபை தன்னையே முழுத் திருச்சபையாக எண்ணும்போது அது குடும்ப வழிபாடாகச் சுருங்குகிறது. பவுலின் சபைகள் வீடுவீடாகக் கூடினாலும், காயுவின் வீட்டில் முழுச் சபையும் கூடியது (ரோமர் 16:23). எருசலேமின் ஏழைகளுக்காக எல்லாச் சபைகளும் காணிக்கை சேர்த்தன. அண்டையாரைப் பொறுத்தவரையும் அவ்வாறே. மாசி மகத்தன்று பிறர் பவனியை மரியாதையோடு வரவேற்கும் ஊரில், ஒலிபெருக்கியை அயலார் வீட்டுப் பக்கம் திருப்பி அவர்கள் தெய்வங்களை இகழ்வது நற்செய்தியும் அன்று, நல்லொழுக்கமும் அன்று.

6. நாம் செய்யத்தக்கவை

திறனாய்வு நம் பக்கமும் திரும்பவேண்டும். ராலண்டு ஆலன் 1912-இல் வெளியிட்ட நூலில், பவுல் சில மாதங்களே ஓரிடத்தில் தங்கி, அவ்விடத்து மக்களிலிருந்தே மூப்பரை ஏற்படுத்தி, திருநியமங்களை அவர்கள் பொறுப்பில் விட்டுச் சென்றார் என்றும், மிஷன்களோ தலைமுறை கடந்தும் அவ்வாறு விடத் துணியவில்லை என்றும் எடுத்துரைத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இக்கண்டனத்திற்கு நாம் விடை கூறவில்லை. மிஷனெரி சென்ற இடத்தில் மறைமாவட்ட அலுவலகம் வந்தது. கடைக்கோடி ஊரின் நிலை மாறவில்லை.

ஆகவே சிலவற்றை முன்வைக்கிறோம். வீட்டுச் சபைகளை நம் சேகரத்தின் எதிரிகளாக எண்ணாமல், குருவானவர் அவற்றில் விருந்தினராகச் சென்று பாயில் அமரட்டும். தலைமை தாங்கச் செல்லவேண்டாம். கூடுகை ஒரே வீட்டில் நிலைபெறாமல் வீடு மாறி வீடு செல்லட்டும். மிகச் சிறிய வீடு முறையிலிருந்து விடுபடலாகாது. உள்ளே இடமில்லையேல் எல்லாரும் வாசலில் அமரட்டும். சிலர் உள்ளேயும் சிலர் வாசலிலும் என்பது மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று மூப்பர் இருக்கட்டும். அவருள் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது வீட்டுக்காரரின் உறவல்லாதவராகவும் இருக்கட்டும். காணிக்கைக் கணக்கு மாதந்தோறும் எல்லார் முன்னும் வாசிக்கப்படட்டும். வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்தப் பிள்ளைக்கு அதன் பொருளை விளக்கும் பயிற்சியை நம் கல்லூரிகள் அளிக்கட்டும். பட்டம் பெற்று நகருக்குச் செல்வோரை மட்டும் உருவாக்குவது நம் பணியன்று. அவ்வூரிலேயே தொழில் செய்து பிழைக்கும் தகுதியுள்ளவரைத் திருவிருந்து ஊழியத்திற்கு அருட்பொழிவு செய்யும் துணிவு நம் ஆயர்களுக்கு வரட்டும்.

1733-இல் தரங்கம்பாடியில் எழுந்த வினா இன்னும் தீரவில்லை. தகுதியுள்ளவரின் கையை, அது யாருடைய கை என்று பாராமல் ஏற்க நாம் ஆயத்தமா? கிள்ளையில் ஓர் இரவு, கழிமுகத்துச் சேறு இன்னும் காயாத கையொன்று அப்பத்தைப் பிட்டு நீட்டுமானால், அவ்வூரின் எல்லாத் தெருவினரும் அக்கூரையின்கீழ்க் குனிந்து நுழைந்து அதைப் பெற்றுக்கொள்வார்களானால், அங்கே கூடியிருப்பது திருச்சபை என்பதை எந்த மறைமாவட்டப் பதிவேடும் சொல்லவேண்டுவதில்லை. அவர்களோடு நாமும் குனிந்து நுழைவோமா என்பதே நம்முன் உள்ள வினா.